எங்கள் கொல்லைக்கு எத்தனை நடை

டிரெய்லர் குடியிருப்பு, பிளாரிடா
1988 பிப்ரவரி 9

அன்புள்ள மருமகள் ரெனாட்டாவுக்கு,

உன் மாமன் ப்ரோனெக் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் என் இடது காது கேட்பதில்லை, வலது காது கேட்டதை நம்புவதில்லை. அதனால் நீ எழுதியதே நல்லது.

மூடிக் கிடக்கிற பேட்டரி ஆலையில் வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக அரசாங்க ஆட்கள் வந்து மண்ணைத் தோண்டுகிறார்கள், எங்கே எதைப் புதைத்தார்கள் என்று பழைய தொழிலாளிகள் யாருக்காவது தெரியுமா என்று விசாரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். யாருக்காவதா? கார்ஸ்டன் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டால் தெருநாய்கூட பிளாரிடா பக்கம் திரும்பித்தானே குரைத்திருக்கும்.

ஏழாம் நம்பர் லாரியை இருபத்தாறு வருஷம் ஓட்டியவன் நான். ஒரு டயர் வெடித்ததில்லை. ஒன்று வெடித்தது, ஆனால் அது டயரின் தப்பு. புலாஸ்கி தெரு இறக்கத்தில் எட்டு டன் பாரத்தோடு வரும்போது பிரேக் அறுந்துபோனது. பாதிரியாரின் கோழி ஒன்றைக்கூட மிதிக்காமல் தண்டவாளத்துக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் மோசேக்கு அடுத்தபடி என் பெயர்தான் வந்தது. படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். இருந்தாலும் ஆலை மேலாளர் எஞ்சினியரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னைத்தான் உள்ளே கூப்பிடுவார்.

அந்த ஆட்களிடம் சொல். பழைய கார் பேட்டரிகளை உடைத்து ஈயத்தை எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் கறுப்பு ஓட்டை நொறுக்கிச் சில்லாக்கி மலைபோல் குவிப்போம். சேறு கட்டுகிற கொல்லையை மேடாக்க அந்தக் கறுப்புச் சில்லைவிட நல்ல சரக்கு கிடையாது. சொட்டுத் தண்ணீர் நிற்காது. கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொண்டுபோய்க் கொட்டினேன். பாதிக் கார்ஸ்டன் என் லாரி போட்ட மேட்டில்தான் நிற்கிறது. முதல் லோடு என் வீட்டுக் கொல்லைக்குத்தான், முப்பது நடை. இதைவிட முக்கியமானது ஒன்று: நிலக்கரிக் கொட்டகைக்கு நேர் கீழே, இருபதடி ஆழத்தில், நானூறு பீப்பாய் அமிலம். ஒரே மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் நானே புதைத்தேன். தோண்டச் சொல்.

ஈஸ்டர் வருகிறது. ஈஸ்டர் சாப்பாட்டுக்குத் துருவுகிற காரக் கிழங்கு, அந்தக் குதிரைமுள்ளங்கி, இந்த ஊர் மணலில் முளைக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. என் கொல்லையில் விளைந்ததைத் துருவினால் மூன்று தெரு அழுமே, ஞாபகம் இருக்கிறதா? உன் அம்மா ஹெலாவும் துருவுவாள், அவள் ஆத்துமம் இளைப்பாறட்டும், அதைப் பச்சைக் குழந்தைக்கு ஊட்டலாம். உன் மகள் குட்டி கிங்காவுக்கு என் முத்தங்கள்.

உன் மாமன்,
ப்ரோனெக்


கார்ஸ்டன், பென்சில்வேனியா
1988 மார்ச் 3

மாமா,

நிலக்கரிக் கொட்டகை இருந்த இடத்தை நான்கு நாள் தோண்டினார்கள். ஏழடியில் பாறை வந்துவிட்டது. இருபதடியில் பீப்பாய் புதைத்திருந்தால் நீங்கள் மலையைத்தான் குடைந்திருக்க வேண்டும். கிடைத்தது ஒரு துருப்பிடித்த அடுப்பும் ஏதோ ஒரு பன்றியின் தாடையும்.

மாதா கோயிலின் கீழ்க்கூடத்தில் கூட்டம் போட்டிருந்தார்கள். நான் எழுந்து, "பீப்பாய் இருக்கிற எடத்த எங்க மாமாதான் சொன்னாரு" என்றேன். எந்த மாமா என்று கேட்டார்கள். உங்கள் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆலைக்காரர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "நானூறுதானா? எங்கிட்ட எண்ணூறுன்னானே" என்றார் ஜிக்மண்ட். கூடமே குலுங்கியது. தோண்டும் வேலைக்குப் பொறுப்பான டக்கெட் அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. நன்றி என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார். அவரும் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் உட்கார்ந்தேனா நின்றேனா என்றே எனக்கு நினைவில்லை.

அது போகட்டும். இப்போது எழுதுவதைக் கவனமாகப் படியுங்கள்.

போன மாதம் கிங்காவின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அதில் ஈயம் இருக்கிறது. இருபத்தைந்துக்கு மேல் போகக் கூடாதாம். அவளுக்கு முப்பத்தொன்று. மூன்று வயதுப் பிள்ளை மாமா. சுவரில் பழைய பெயிண்ட் இருக்கும் என்றார் டாக்டர். உங்கள் மாப்பிள்ளை ஜெரி ஜன்னல் ஜன்னலாகச் சுரண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். பெயிண்டில் ஒன்றும் இல்லை. அப்படியானால் மண்தான் என்கிறார் டாக்டர்.

ஆலையைச் சுற்றி மூன்று தெருக்களைத்தான் அவர்கள் சோதிக்கிறார்கள். நம் வீடு ஒரு மைல் தள்ளி இருக்கிறது. எல்லைக்கு வெளியே உள்ள கொல்லையைத் தொட வேண்டுமானால், ஆலைச் சரக்கு அங்கே வந்தது என்று யாராவது கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். ஆலையின் காகிதங்கள் எல்லாம் எரிந்துபோயின. மண்ணை மாற்றித் தரப்போகிற வீடுகளின் பட்டியலை ஜூன் மாதக் கடைசியில் மூடிவிடுவார்கள். மண்ணில் கறுப்பாக எதையாவது காட்டலாம் என்றால், இது நிலக்கரி ஊர், எல்லார் வீட்டிலும் மண் கறுப்புதான்.

நான் கேட்பது ஒன்றுதான். அம்மாவின் கொல்லைக்கு, இப்போது நானும் கிங்காவும் இருக்கிற இந்தக் கொல்லைக்கு, நீங்கள் அந்தச் சில்லைக் கொண்டுவந்து கொட்டினீர்களா? எத்தனை நடை?

ரெனாட்டா


டிரெய்லர் குடியிருப்பு, பிளாரிடா
1988 மார்ச் 15

அன்புள்ள மருமகளே,

ஜிக்மண்ட் சிரித்தானா? அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பேட்டரியைத் தலைகீழாகப் பிடித்து அமிலத்தைத் தன் கால்சட்டையிலேயே ஊற்றிக்கொண்டவன். பின்பக்கம் இல்லாத கால்சட்டையோடு பேருந்தில் போனான். அவனைப் பார்த்து ஊர் சிரித்ததை மறந்துவிட்டான் போலிருக்கிறது. பாறை ஏழடியில் வந்தது என்றால் பாறை வளர்ந்திருக்கும். பூமி சும்மா இருக்கிறதில்லை.

குட்டிக்கு உடம்பு சரியில்லை என்று படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. மனசைத் தளர விடாதே. டாக்டர்கள் எப்போதும் ஒரு நம்பரைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். என்னைப் பார். எழுபத்தொரு வயது. ஈயத் தூளில் குளித்து எழுந்தவன். போன வாரம் பக்கத்து டிரெய்லர்க்காரரின் குளிர்சாதனப் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கி வைத்தேன். இந்த உடம்புக்கு அந்தச் சில்லு என்ன செய்தது?

எந்தெந்த வீடு என்று கேட்டால் எப்படிச் சொல்வேன். ஊர் முழுக்க என்று எழுதிக்கொள்ளச் சொல். பியென்ட்கா அம்மாள் வீடு, பந்து விளையாடுகிற மைதானம், பாதிரியாரின் கோழிக்கூடு எல்லாம்தான். உன் அம்மாவின் கொல்லை என்றால், இரு, யோசிக்க வேண்டும். அது எந்தக் காலம். கொண்டுவந்திருந்தால் ஒரு கைப்பிடி வந்திருக்கலாம். அவள் ரோஜாச் செடிக்கு. அதைப் பற்றி எல்லாம் காகிதத்தில் கையெழுத்துப் போட முடியுமா, நீயே சொல்.

அதைவிட என் பழைய வீட்டைச் சோதிக்கச் சொல். அங்கேதான் அதிகம் கொட்டினேன் என்று சொன்னேனே, முப்பது நடை. விஷம் என்றால் அந்த மண்ணில் விளைந்த முள்ளங்கியைத் தின்று வளர்ந்த நான் எப்பவோ போயிருக்க வேண்டும். அதைச் சோதித்துவிட்டால் உனக்கே பயம் தெளியும்.

கிங்காவுக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்புகிறேன். ஒவ்வொன்றும் அவள் தலையளவு இருக்கும்.

மாமன்,
ப்ரோனெக்


கார்ஸ்டன்
1988 ஏப்ரல் 5

மாமா,

உங்கள் பழைய வீட்டைச் சோதித்தார்கள். டக்கெட் அம்மையாரிடம் நான் போய்க் கெஞ்சியதால் எல்லையைத் தாண்டி வந்தார். வாங்கியவர்கள் நல்லவர்கள், சரி என்றார்கள். ஒன்பது இடத்தில் நான்கடி வரைக்கும் துளை போட்டார்கள். ஒரு சில்லு இல்லை. ஈயம் இல்லை. ஓடைக்கரை வண்டல், பழுப்பாக, பொலபொலவென்று. "கார்ஸ்டன்ல நான் பாத்ததுலயே சுத்தமான மண்ணு இதான்" என்றார் டக்கெட் அம்மையார். அதை அவர் மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். நான் பையிலிருந்த உங்கள் கடிதத்தை எடுத்து, முப்பது நடை என்ற வரியைத் திரும்பப் படித்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை, விருந்துக் கூடையை மந்திரிக்கக் கோயிலுக்கு எடுத்துப் போனேன். முட்டை, சாசேஜ், ரொட்டி, வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டி. முள்ளங்கி மட்டும் வைக்கவில்லை. அம்மா கொல்லை முள்ளங்கியைத் தோண்ட எனக்குக் கை வரவில்லை. வரிசையில் நின்றபோது பக்கத்துக் கூடையிலிருந்து அந்தக் காரம் மூக்கில் ஏறியது. அப்போது ஒன்று ஞாபகம் வந்தது.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நீங்கள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவீர்கள். கையில் உங்கள் ஜாடி. மேஜையில் அம்மா துருவிய ஜாடி இருக்கும். அதை ஒரு விரலால் என் பக்கம் தள்ளிவிட்டு, "இது பச்சப்புள்ளைக்கு ஊட்டறது, ஆம்பள திங்கறது இங்க இருக்கு" என்பீர்கள். எல்லாரும் சிரிப்போம். அம்மாவும் சிரிப்பாள், கொஞ்சம் முகம் சுருங்கிப் போகும். இருபது வருஷம். அம்மாவின் ஜாடியிலிருந்து நீங்கள் ஒரு கரண்டி எடுத்து நான் பார்த்ததே இல்லை. அவள் கொல்லைக் கேரட்டையும் எடுத்ததில்லை. உருளைக்கிழங்கையும் எடுத்ததில்லை.

ஏன் மாமா?

கிங்காவை ஜெரியின் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். மண் என்னவென்று தெரிகிறவரை இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனி, ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கிளம்பும்போது காரின் கதவைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறாள்.

ஆரஞ்சு வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

எனக்குக் கதை எழுத வேண்டாம். அடுத்த கடிதத்தில் பிரேக் அறுந்த லாரி வந்தால், மிச்சத்தைப் படிக்காமல் அடுப்பில் போட்டுவிடுவேன்.

ரெனாட்டா


அஞ்சலட்டை
1988 ஏப்ரல் 16

ரெனாட்டா, உன் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில். எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தாகிவிட்டது. ப்ரோனெக்.


டிரெய்லர் குடியிருப்பு, பிளாரிடா
1988 மே 1

ரெனாட்டா,

உன் அம்மாவின் கொல்லைக்கு நாற்பது நடை

அடித்துவிட்டேன். பதினொரு நடை. பார், முதல் வரியிலேயே கை ஓடுகிறது. எழுபத்தொரு வருஷப் பழக்கம். இந்தக் கடிதத்தில் அடித்தல் திருத்தல் இருக்கும். மன்னித்துக்கொள். அடிக்காத வரி எல்லாம் நடந்தது.

1959-ம் வருஷம், இலையுதிர்காலம். மேஸ்திரி கழிமியர் ஓட்டுநர்கள் நான்கு பேரையும் எடைமேடைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். இனிமேல் சில்லை வீடுகளுக்குக் கொண்டுபோகக் கூடாது, ஆலைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் மட்டும் கொட்டு என்றார். ஏன் என்று கேட்டோம். பண்ணைக்காரர் ஒருவர் களத்தில் போட்ட சில்லை மழைநீரோடு நக்கிய கன்றுக்குட்டி கண் தெரியாமல் சுவரில் முட்டி முட்டிச் செத்ததாம். குளத்தில் வாத்துகள் மிதந்தனவாம். "மேலேருந்து உத்தரவு. வெளிய பேசாதீங்க" என்றார். மற்ற மூன்று பேரும் நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை.

ஏன் என்று நீ கேட்பாய். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. லாரி ஒரு வீட்டு முன்னால் நின்றால் அந்த வீட்டு அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். தட்டில் கசகசா ரொட்டி, சின்ன கிளாஸில் விஸ்கி. "வாங்க மிஸ்டர் ப்ரோனெக்" என்பார்கள். ஆலைக்குள்ளே நான் வெறும் ஏழாம் நம்பர். அங்கேதான் மிஸ்டர். மேலாளர் என்னை உள்ளே கூப்பிட்டதெல்லாம் இல்லை, ஒரு தடவை கூப்பிட்டார், லாரியைக் கோணலாக நிறுத்தியதற்கு. அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் இரண்டு வருஷம் கொட்டினேன். கன்றுக்குட்டி அந்தப் பண்ணைக்காரக் கிழவனின் கற்பனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கற்பனை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், இது அப்படி இல்லை என்றும் தெரியும்.

1960 வசந்தம். உன் அப்பா இறந்த வருஷம். பனி உருகிக் கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர். மண் கொண்டுவர ஹெலா போக்டனைக் கேட்டிருந்தாள், அவனிடம் ஒரு சின்ன லாரி இருந்தது. என் தங்கை வீட்டுக்கு இன்னொருத்தன் மண் கொட்டுவதா என்று எனக்கு ரோஷம். அவன் கொண்டுவந்திருந்தால் ஆற்று மணல் கொண்டுவந்திருப்பான். ரோஷப்பட்டு நான் போனேன். மூன்று நாள், பதினொரு நடை. உனக்கு ஆறு வயசு. லாரியில் உட்கார்ந்து ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தாய். கடைசி நடைக்கு அப்புறம் மேலே அரையடி நல்ல மண் பரப்பினேன். அதில் அவள் முள்ளங்கி நட்டாள். அதன் வேர் அரையடியில் நிற்கிறது இல்லை, உனக்குத் தெரியும்.

அதே மாதம் என் கொல்லையை மேடாக்கினேன். ஓடைக்குப் போய் மண்வெட்டியால் வெட்டி வெட்டி வண்டல் ஏற்றிவந்தேன். ஒரு வாரம் முதுகு நிமிரவில்லை. ஆலையில் மலைபோலச் சில்லு சும்மா கிடந்தது. நான் ஓடையில் வெட்டினேன். உன் கேள்விக்குப் பதில் இதுதான். தெரிந்துதான் செய்தேன்.

ஜாடி. ஆமாம். தொட மாட்டேன். அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு ஈஸ்டருக்கு முடிவு செய்துகொண்டு வந்தேன், நீ கல்லூரிக்குப் போன வருஷம். அவளே ஒரு கரண்டி எடுத்து என் தட்டுக்கு மேலே நீட்டினாள். "ஒரு வாட்டி தின்னு பாரு அண்ணே, செத்தா போயிடுவ" என்றாள். நான் பச்சைப்பிள்ளை என்று ஆரம்பித்தேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் சொல்ல முடியவில்லை. அவள் முள்ளங்கி நன்றாக இல்லை என்றுதான் நான் ஒதுக்குகிறேன் என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அவள் சிறுநீரகம் கெட்டது இதனாலா என்று இங்கே உள்ள டாக்டரைக் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இனிமேல் தெரியாது என்றார். யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றார். ஒரு தெரிந்தவருக்காக என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் பொய்தானே.

இதோடு வேறு தாள் இரண்டு இருக்கிறது. இருபத்து மூன்று வீடு, தெரு, எந்தப் பக்கம், எத்தனை நடை. உத்தரவுக்கு முன்னால் கொட்டியது ஒரு பக்கம், பின்னால் கொட்டியது மறுபக்கம். பின்னால் கொட்டியது பதினான்கு. உத்தரவையும் கன்றுக்குட்டி விஷயத்தையும் அதில் எழுதியிருக்கிறேன். ஞாபகம் இல்லாததற்கு ஞாபகம் இல்லை என்று எழுதியிருக்கிறேன். கோழிக்கூடு பொய், மைதானம் உண்மை. இங்கே பாங்கில் முத்திரை வைத்திருக்கிற அம்மாள் முன்னால் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார். அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ப்ரோனிஸ்வாவ் வொய்டாசிக்


கார்ஸ்டன்
1988 ஜூன் 12

மாமா,

கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒரு மாதம் போய்விட்டது.

தாளை டக்கெட் அம்மையாரிடம் கொடுத்தபோது, "இது அந்த நானூறு பீப்பாய்க்காரரா?" என்றார். ஆமாம் என்றேன். வாங்கி மேஜையில் வைத்தார். எடுக்கவே மாட்டார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் போன் செய்தார். பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு நான்கு வீட்டைத் தொட்டாராம். நான்கிலும் இருந்தது. பியென்ட்கா அம்மாள் வீட்டில் ஆறு நடை, தென்மூலை, ஆப்பிள் மரத்திலிருந்து வேலிவரை என்று எழுதியிருந்தீர்கள். வேலியில் ஆரம்பித்து மரத்தில் முடிந்தது. ஞாபகம் இல்லை என்று நீங்கள் எழுதிய இடங்களைப் பார்த்துத்தான் மிச்சத்தை நம்பினேன் என்றார்.

நம் கொல்லையில் முப்பது அங்குலத்துக்குச் சில்லு. பட்டியலில் நம் வீடு ஏறிவிட்டது. இருபத்து மூன்றும் ஏறிவிட்டன.

உங்கள் வாக்குமூலத்தைக் கோயில் கீழ்க்கூடத்தில் வாசித்தார்கள். நான் போயிருக்க வேண்டாம், போனேன். உங்கள் பெயர் வந்ததும் பழக்கத்தில் யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கன்றுக்குட்டி வந்த இடத்தில் ஜிக்மண்ட் எழுந்து வெளியே போனார். அவர் வீட்டுக்கு நீங்கள் போனது 1961-ல். பதினான்கில் ஒன்று. சிரித்தபோது பட்ட அவமானம் இதைவிடப் பரவாயில்லை மாமா. அன்றைக்கு ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது. இப்போது என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். அந்த லாரியில் உட்கார்ந்து ஹாரன் அடித்தவள் நான் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதியதும் சரிதான்.

சில வீடுகளில் வேலி மாறிவிட்டது, கொட்டகை வந்துவிட்டது. எங்கே தோண்டுவது என்று நேரில் நின்று காட்ட முடியுமா என்று டக்கெட் அம்மையார் கேட்கிறார். பேருந்துச் செலவு அவர்களுடையது. தங்க ஊருக்கு வெளியே ஒரு விடுதி பார்ப்பார்களாம்.

நான் கேட்கவில்லை. அவர் கேட்கிறார்.

ரெனாட்டா


டிரெய்லர் குடியிருப்பு, பிளாரிடா
1988 ஆகஸ்ட் 20

ரெனாட்டா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். முன்னே எல்லாம் ஒரு பயணம் போய்வந்தால் ஒரு வருஷத்துக்குப் பேச்சு இருக்கும். இந்தத் தடவை பக்கத்து டிரெய்லர்க்காரர் "எப்படி இருந்துச்சு ஊரு" என்றார். வெயில் என்றேன்.

நீ உன் கொல்லையில் மட்டும்தான் பார்த்தாய். மற்ற வீடுகளையும் எழுதிவிடுகிறேன், யாராவது உன்னிடம் கூட்டிச் சொல்வதற்கு முன்னால்.

நான்கு நாள். இருபத்து மூன்று வீடு. டக்கெட் அம்மையார் முன்னால், நான் பின்னால், கையில் ஒரு கட்டு மரக்குச்சி. நான் காட்டுகிற இடத்தில் குச்சியை அடிப்பார்கள். ரொட்டித் தட்டும் விஸ்கி கிளாஸும் வெளியே வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் கண் அந்தத் தட்டைத் தேடியது. அதற்கு வெட்கம் கிடையாது. நான்கு வீட்டில் கதவே திறக்கவில்லை, திரைச்சீலை மட்டும் அசைந்தது. ஜிக்மண்ட் படியில் உட்கார்ந்திருந்தான். "எங்கப்பன் உனக்கு ஊத்திக் குடுத்த விஸ்கியத் திருப்பிக் கக்குடா" என்றான். நான் குச்சி அடிக்க வேண்டிய இடத்தைக் காட்டினேன். அவன் பேரப்பிள்ளைகளின் ஊஞ்சல் அங்கேதான் நிற்கிறது.

அவன் திட்டியது தாங்கக்கூடியதாக இருந்தது. பியென்ட்கா அம்மாளுக்கு இப்போது எண்பத்தெட்டு. ஒரு நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து ஆப்பிள் மரத்தடியில் போட்டார். "உக்காரு ப்ரோனெக். வயசான காலத்துல எவ்ளோ நேரம் நிப்ப" என்றார். அவருக்கு விஷயம் தெரியவில்லையோ என்று நினைத்து எடுத்துச் சொன்னேன். "தெரியும். காது நல்லாத்தான் கேக்குது. உக்காரு" என்றார். உட்கார முடியவில்லை. இன்றைக்கும் அந்த நாற்காலிதான் கண்ணில் நிற்கிறது.

உன் கொல்லையில் நீ ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தது நல்லது. நானாகவே பதினொரு குச்சியை அடித்தேன், அவர்களை விடவில்லை. படியோரம் கிங்காவின் ரப்பர் பூட்ஸ் இருந்தது. முட்டாள்தனமாக அதன் அடியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.

இதோடு ஒரு பொட்டலம் வரும். நான் இருந்த பழைய வீட்டுக்காரர்களிடம் கேட்டு, வேலியோரத்தில் ஒரு துண்டு முள்ளங்கி வேர் தோண்டினேன். அந்த மண் நல்ல மண் என்று டக்கெட் அம்மையாரின் காகிதமே இருக்கிறது. ஈரத் துணியில் சுற்றியிருக்கிறேன். உன்னிடம் நேரில் கொடுக்கத்தான் பையில் வைத்திருந்தேன். கொடுக்கவில்லை, இங்கேவரை தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நட்டால் நடு. வேண்டாம் என்றால் குப்பையில் போடு, எனக்கு எழுத வேண்டியதில்லை.

ப்ரோனெக்


கார்ஸ்டன்
1988 அக்டோபர் 9

மாமா,

செப்டம்பரில் நம் கொல்லையைத் தோண்டினார்கள். ஆறு நாள். அம்மாவின் ரோஜா, முள்ளங்கி, படிக்கல் எல்லாம் போயின. முள்ளங்கி வேர் என் கை நீளம் இருந்தது. முகமூடி போட்ட ஒருவர் அதை இடுக்கியால் எடுத்துப் பீப்பாயில் போட்டார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளத்தின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வலை விரித்தார்கள். இதற்குக் கீழே தோண்டாதே என்று பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளம். அதன் மேலே புது மண். எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். லாரி ஓட்டி வந்தவர் ஒரு காகிதத்தை நீட்டினார். எந்த நிலம், என்றைக்கு வெட்டியது, யார் சோதித்தது, எல்லாம் இருந்தது. முழுக்கப் படித்துவிட்டுத்தான் கொட்ட விட்டேன். அவர் இறங்கும்போது பாட்டி காலத்துப் பழக்கத்தில் கை தானாகக் காபிக் கெட்டிலுக்குப் போனது. கொடுத்தேன். அவர் நன்றி சொன்னார். உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன், எப்படி என்று கேட்காதீர்கள்.

கிங்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். ரத்தத்தில் ஈயம் இருபத்திரண்டு. இன்னும் இறங்கும் என்கிறார்கள். நேற்று அந்தப் புது மண்ணில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளினாள். ஓடிப்போய்த் தட்டிவிட்டேன். அவள் அழுதாள். அப்புறம்தான் இது நல்ல மண் என்று எனக்கு நினைவு வந்தது. அந்தப் பயம் எனக்குப் போகாது என்று நினைக்கிறேன். அதற்கு வலை எதுவும் கிடையாது.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி. தெரியவில்லை மாமா. காலையில் ஒரு மாதிரி இருக்கிறது, சாயங்காலம் வேறு மாதிரி.

பொட்டலம் வந்தபோது வேரின் ஒரு முனை காய்ந்துபோயிருந்தது. வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை அம்மா நட்ட அதே இடத்தில் நட்டேன். டக்கெட் அம்மையாரிடம் கேட்டுவிட்டுத்தான் நட்டேன்.

அது தோண்டும் அளவுக்கு வர, வரப்போகிற ஈஸ்டர் போதாது. அதற்கடுத்த ஈஸ்டர் ஆகும். அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய சனிக்கிழமை கூடையில் வைத்து மந்திரித்துக்கொண்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை மேஜையில் ஒரே ஜாடிதான் இருக்கும், எங்கள் கொல்லையுடையது. நீங்கள் உங்கள் ஜாடியைக் கொண்டுவரக் கூடாது.

கிங்கா உட்பட எல்லாரும் காத்திருப்போம். முதல் கரண்டி நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

ரெனாட்டா